பெலிதுங் கப்பலை வணிக நிறுவனம் எடுத்தது தவறா?

கடலோடி:

1998-இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவை ஒட்டிய கடலில், கடலட்டை எடுக்க மூழ்கியவர்கள் அடிமணலில் ஒரு பீங்கான் மேட்டைக் கண்டார்கள். ஆழம் பதினேழு மீட்டர் அளவுதான். மேட்டுக்கு அடியில் இருந்தது ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல். ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான்கள், பொற்கிண்ணங்கள், வெள்ளிப் பெட்டிகள், வெண்கலக் கண்ணாடிகள். ஒரு கிண்ணத்தில் சீனத்தின் தாங் வம்ச அரசர் ஒருவரின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருந்தது. நம் கணக்கில் அது 826.

சரக்கு சீனத்தினுடையது, கப்பல் சீனத்தினுடையது அல்ல. ஓர் ஆணிகூட அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மேற்கு இந்தியப் பெருங்கடல் கப்பல் அது. அரபு வணிகர்கள் நேரே சீனத் துறைமுகங்கள் வரை போய்வந்தார்கள் என்று பழைய நூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. மரமும் கயிறுமாக அதற்குச் சான்று முதலில் கிடைத்தது இங்கேதான்.

எடுத்தது இந்தோனேசிய அரசின் உரிமத்தோடு வேலை செய்த தனியார் நிறுவனம். சரக்கின் பெரும்பகுதியைச் சிங்கப்பூர் ஏறத்தாழ 3.2 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2012-இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் அதைக் காட்சிக்கு வைப்பதாக இருந்தது. லாபத்துக்காக எடுத்த சரக்கைக் காட்டக் கூடாது என்று தொல்லியலாளர்கள் கொடி பிடித்ததால் 2011 இறுதியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

எனக்கு இது வறட்டுப் பிடிவாதமாகத்தான் படுகிறது. அந்த நிறுவனம் போகாதிருந்தால் இன்று என்ன மிஞ்சியிருக்கும்? எதிர்ப்பவர்கள் அதற்கு மட்டும் விடை சொல்லட்டும்.

நங்கூரம்:

விடை சொல்கிறேன். அதற்கு முன், போனது என்ன என்பதையும் பார்ப்போம்.

1998-இன் முதல் பருவத்தில் வேலையின் வேகம் முழுவதும் பீங்கானை மேலே ஏற்றுவதில் இருந்தது. கப்பலின் உடலை முறையாக அளந்து வரையும் வேலை 1999-இல், பயிற்சி பெற்ற தொல்லியலாளர் ஒருவர் பொறுப்பேற்ற பிறகே நடந்தது. பலகையைத் தைத்த முறை பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டாம் பருவத்தில் வந்தது. அதற்குள் மேலே இருந்த சரக்கின் அடுக்கு எவ்வளவு கலைந்துவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். எந்த ஜாடி எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது, எது எதன்மேல் இருந்தது, எது கப்பலோட்டிகளின் சொந்தப் பொருள், எது விற்பனைக்கானது என்பதெல்லாம் கிடந்த இடத்தில்தான் எழுதியிருக்கும். எடுத்த பிறகு எந்தப் பணத்தாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

துருக்கியின் உளுபுருன் கப்பலோடு ஒப்பிடுங்கள். கிறிஸ்துவுக்கு முன் பதினான்காம் நூற்றாண்டு. 44 முதல் 61 மீட்டர் ஆழம், பெலிதுங்கைவிடப் பல மடங்கு ஆபத்து. 1984 முதல் 1994 வரை பதினொரு பருவங்கள், இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மூழ்கி வேலை செய்தார்கள். பத்து டன் செம்பும் ஒரு டன் வெள்ளீயமும் கிடைத்தன. அவற்றை எந்தக் கம்பெனியும் எடுத்திருக்கும். ஆனால் ஜாடிக்குள் இருந்த சேற்றைச் சலித்ததால் மாதுளை விதைகள் கிடைத்தன. மாதுளைகளுக்கு நடுவே, தந்தக் கீல் வைத்த மர எழுதுபலகை ஒன்று கிடைத்தது. கப்பலில் ஒளிந்து வந்த ஓர் எலியின் தாடை எலும்பும் கிடைத்தது. அதன் பல்லின் வடிவத்தை அளந்து, கப்பல் வடசிரியக் கரையில் நின்று வந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். முதலீட்டாளருக்கு லாபம் காட்ட வேண்டிய ஒருவர் எலியின் பல்லுக்காகச் சேற்றைச் சலித்துக்கொண்டிருப்பாரா?

கடலோடி:

எலிப் பல் கதை அருமை. ஆனால் உளுபுருனில் பதினொரு ஆண்டுகள் இருந்தன, பின்னால் ஓர் ஆய்வு நிறுவனமும் அதற்குக் கொடையாளர்களும் இருந்தார்கள், கரையில் காவலும் இருந்தது.

1998-இன் இந்தோனேசியா எப்படி இருந்தது? மே மாதம்தான் சுகார்த்தோ பதவியிழந்தார். நாட்டின் பணம் மதிப்பிழந்து கிடந்தது, ஊர்களில் கலவரம். இடம் மீனவர்களுக்குத் தெரிந்துவிட்டது, கிண்ணங்கள் கைமாறத் தொடங்கிவிட்டன. அந்த நிலையில் பதினொரு பருவம் உட்கார்ந்து சேறு சலிக்க யார் வந்திருப்பார்கள்? உளுபுருனை அளவுகோலாக வைத்துப் பெலிதுங்கை அளப்பது நியாயமே இல்லை. மாற்று வழி உளுபுருன் அல்ல. மாற்று வழி ஒன்றுமில்லாமல் போவது.

இன்னொன்று. அந்த அவசர அகழ்வின் பதிவுகளை வைத்துத்தான் ஓமானில் அதே முறையில் ஒரு கப்பலைத் தைத்துக் கட்டி, 2010-இல் மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூர் வரை ஓட்டிக் காட்டினார்கள். 'எல்லாம் போயிற்று' என்றால் இதை எதை வைத்துக் கட்டினார்கள்?

நங்கூரம்:

இரண்டாம் பருவத்துப் பதிவை வைத்துக் கட்டினார்கள். நான் சொன்னதும் அதுதான்.

'எல்லாம் போயிற்று' என்று நான் எழுதவே இல்லை, தயவுசெய்து மீண்டும் படியுங்கள்.

பழங்கணக்கு:

இருவரும் நல்லவரும் கெட்டவருமாகப் பேசுகிறீர்கள். நான் வரவு செலவு பார்க்கிறவன், அந்த வழியில் ஒரு கேள்வி.

தனியார் நிறுவனம் கப்பலை வாடகைக்கு எடுக்கிறது, மூழ்காளிகளுக்குக் கூலி தருகிறது, உப்பு நீக்கும் தொட்டிகளைக் கட்டுகிறது. இந்தப் பணம் பொருள் விற்றால்தான் திரும்பி வரும். அப்படியானால் எந்தக் கப்பலைத் தேடுவார்கள்? விற்கிற சரக்கு ஏற்றிய கப்பலை. பீங்கான், பொன், வெள்ளி. கடலில் மூழ்கியவற்றில் பெரும்பாலானவை அரிசியும் மரமும் உப்பும் துணியும் ஏற்றியவை. அவற்றைச் சீண்டுவார் யார்?

இலங்கையின் தென்கரையில் கொடவாயவுக்கு அப்பால், முப்பது மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில் ஒரு கப்பல் கிடக்கிறது. இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்ட கப்பல் சிதைவுகளில் மிகப் பழையது, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள். சரக்கு என்ன தெரியுமா? கண்ணாடிக் கட்டிகள், இரும்பு, அரைக்கும் கல், மண்பாண்டம். எந்த ஏலக் கடையில் வைத்து விற்பீர்கள்? வரலாற்றுக்குப் பெலிதுங்குக்குச் சற்றும் குறையாதது, சந்தைக்கோ வெறுங்கல்.

அதனால் 'சந்தை கப்பலைக் காப்பாற்றும்' என்ற வாதம் பத்தில் ஒன்பது கப்பல்களுக்குப் பொருந்தாது. மீதி ஒன்றுக்கும் முழுதாகப் பொருந்துவதில்லை. சிரெபோன் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நூற்றாண்டுச் சரக்கு, ஜாவாக் கடலிலிருந்து 2004, 2005-இல் எடுத்தது. 2010 மே மாதம் ஜகார்த்தாவில் எட்டுக் கோடி டாலர் மதிப்பிட்டு ஏலத்துக்கு வைத்தார்கள். ஒருவர்கூட ஏலம் கேட்க வரவில்லை.

கடலோடி:

ஏலம் கேட்கும் முன்பே பெருந்தொகையை வைப்பாகக் கட்ட வேண்டும் என்று விதித்ததால் வரவில்லை. அது ஏலம் நடத்தியவர்களின் கோளாறு.

பழங்கணக்கு:

சரி, விதியைத் தளர்த்தியிருந்தால் விற்றிருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். விற்றால் சரக்கு நூறு வீடுகளுக்குச் சிதறும். பெலிதுங் ஒரே கையில் போய்ச் சேர்ந்தது நல்வாய்ப்பு. 1752-இல் மூழ்கிய டச்சுக் கப்பல் கெல்டர்மால்சனுக்கு அது வாய்க்கவில்லை. 1985-இல் மைக்கேல் ஹாட்சர் என்ற தனியார் கடலடி வேட்டையாளர் எடுத்தார், 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான்கள், பொற்கட்டிகள் வேறு. ஏலம் அமோகம். கப்பலைப் பற்றி எஞ்சிய பதிவோ பெயரளவுக்குத்தான். உங்களுக்குப் பிடித்த உதாரணத்தை மட்டும் எடுத்து வாதாடக் கூடாது அல்லவா?

உப்புநீர்:

இரும்பையும் மரத்தையும் கடலிலிருந்து வந்த பிறகு கவனிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கப்பலை 'எடுப்பது' பற்றி இங்கே பேசும்போது, தண்ணீருக்கு மேலே வந்ததும் வேலை முடிந்ததைப் போல எழுதுகிறீர்கள். எங்களுக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

வார்ப்பிரும்புப் பீரங்கி ஒன்று வருகிறது. மேலே சிப்பியும் மணலும் துருவும் சேர்ந்து கல்லாக இறுகிய ஓடு. அதைத் தட்டி எடுத்தால் உள்ளே பீரங்கி அன்றைக்கு வார்த்ததைப் போல இருக்கும், எழுத்துக்கூடத் தெரியும். ஆனால் அந்த மேற்பரப்பில் இரும்பே இல்லை. இரும்பு கரைந்து வெளியேறிவிட்டது. கரிமம்தான் உருவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கத்தியால் சீவலாம். துளைகள் எங்கும் உப்பு. அப்படியே காய விட்டால் சில வாரங்களில் மேற்பரப்பில் ஈரத்துளிகள் பழுப்பாகக் கசியும், பிறகு தகடு தகடாக உரியும். எழுத்து முதலில் போகும். அதைத் தடுக்கக் காரக் கரைசல் தொட்டியில் போட்டு மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, கரைசலை மாற்றி மாற்றி, உப்பு வெளியேறி முடியும்வரை அளந்துகொண்டே இருக்க வேண்டும். பெரிய பீரங்கிக்கு இது ஆண்டுக்கணக்கு.

மரம் இன்னும் மோசம். நானூறு ஆண்டு நீரில் ஊறிய மரத்தில் நார் பெரும்பகுதி போய்விட்டது, செல்களைத் தாங்கி நிற்பது தண்ணீர்தான். ஆகவே தண்ணீருக்குப் பதிலாக ஒரு மெழுகுப் பொருளை மெல்ல மெல்ல உள்ளே செலுத்துகிறோம். ஸ்டாக்ஹோமின் வாசா என்ற போர்க்கப்பல் 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கியது, 1961-இல் மேலே வந்தது. பதினேழு ஆண்டுகள் அந்த மெழுகுக் கரைசலைத் தெளித்தார்கள், பிறகு ஒன்பது ஆண்டுகள் மெதுவாக உலர்த்தினார்கள். எல்லாம் முடிந்து அருங்காட்சியகமும் திறந்த பிறகு, 2000-இல் மரத்திலிருந்து அமில உப்புகள் பூத்தன. துறைமுகத்துச் சாக்கடை நீரிலிருந்து மரம் உறிஞ்சி வைத்திருந்த கந்தகம், இரும்பு ஆணிகளோடு சேர்ந்து செய்த வேலை. 2011 முதல் 2018 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆணிகளைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றினார்கள். இன்னும் கப்பல் தன் எடையிலேயே சற்றுச் சற்றாக அமுங்குகிறது.

வாசாவைக் காப்பாற்றியது சுவீடன் என்ற பணக்கார நாடு. அதற்கு முன் காப்பாற்றியது பால்டிக் கடலின் உப்புக் குறைவு. மரம் துளைக்கும் கப்பற்புழு அங்கே வாழ முடியாது. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் 'வாசாவைப் போல எடுப்போம்' என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கடலோடி:

நான் எழுதியது பீங்கான் சரக்கைப் பற்றி. அதற்கு உப்பு நீக்க நல்ல தண்ணீரும் சில மாதப் பொறுமையும் போதும்.

உப்புநீர்:

உயர்சூட்டில் சுட்டவற்றுக்குப் போதும். அதனால்தான் கம்பெனிகள் பீங்கானை விரும்புகின்றன. கப்பலையும் கயிற்றையும் கூடையையும் அவை விரும்புவதில்லை. சிங்கப்பூர் அருங்காட்சியகத்தில் பெலிதுங் சரக்கைப் பார்க்கலாம். கப்பலின் உடலைப் பார்க்க முடியாது. அந்தக் கடலில் அப்படி ஒரு கப்பல் வந்ததுதான் செய்தி என்று முதல் பதிவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வழக்காடி:

சட்டம் பற்றி யாரும் பேசாததால் நுழைகிறேன்.

யுனெஸ்கோவின் நீரடிப் பண்பாட்டு மரபு உடன்படிக்கை 2001-இல் ஏற்கப்பட்டு 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் நீரில் கிடப்பவை அதன் வரம்புக்குள் வரும். வணிகத்துக்காக எடுப்பதை அது தடுக்கிறது. பெலிதுங் எடுக்கப்பட்டபோது இந்த உடன்படிக்கையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தோனேசியச் சட்டப்படி உரிமம் இருந்தது. ஸ்மித்சோனியன் விவகாரத்தில் சண்டை சட்டத்தைப் பற்றியது அல்ல, தொழில் நெறியைப் பற்றியது.

இந்த இழையில் இருதரப்பும் ஒன்றைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். கிடக்கும் இடத்திலேயே பாதுகாப்பதை முதல் தெரிவாகக் கருத வேண்டும் என்கிறது உடன்படிக்கை. ஒரே தெரிவு என்று சொல்லவில்லை. அறிவுக்காகவோ பாதுகாப்புக்காகவோ தேவையென்றால் அகழலாம்.

போர்க்கப்பல் என்றால் கதையே வேறு. ஸ்பெயினின் மெர்சிடெஸ் 1804-இல் பிரிட்டிஷ் கடற்படை தாக்கியதில் வெடித்து மூழ்கியது. 2007-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் அதிலிருந்து ஏறத்தாழ 5,94,000 நாணயங்களை, பதினேழு டன், எடுத்து விமானத்தில் புளோரிடாவுக்குக் கொண்டுபோனது. அமெரிக்க நீதிமன்றங்களே ஸ்பெயினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. 2012 பிப்ரவரியில் நாணயங்கள் மாட்ரிட் போய்ச் சேர்ந்தன. எடுத்த செலவுகூட நிறுவனத்துக்குத் திரும்பவில்லை. 'கண்டெடுத்தவனுக்கே சொந்தம்' என்று நம்பி முதலீடு செய்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிப்பது நல்லது.

அந்த வெள்ளி அமெரிக்கக் கண்டத்தின் மலைகளில் அடிமைப்பட்ட மக்கள் வெட்டியெடுத்தது என்று பெருவும் வழக்கில் நுழைந்து பார்த்தது, பலிக்கவில்லை. 2015-இல் கொலம்பியா கண்டுபிடித்ததாக அறிவித்த சான் ஹோசே என்ற ஸ்பெயின் கப்பல் விஷயத்திலும் அதே கேள்வி எழுந்திருக்கிறது. 1708-இல் மூழ்கிய அந்தக் கப்பலுக்கு ஸ்பெயின், கொலம்பியா, ஓர் அமெரிக்க நிறுவனம், பொலிவியாவின் பழங்குடி மக்கள் என நாலாப்பக்கமும் உரிமை கோருகிறார்கள்.

கடலோடி:

வழக்காடி அவர்களே, நல்ல விளக்கம். ஆனால் காகிதத்தில் 'முதல் தெரிவு' என்று எழுதிவைத்தால் கடலடி பெட்டகமாகிவிடுமா?

1942 ஜாவாக் கடல் போரில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் இருந்தன. 2002-இலிருந்து ஒவ்வொன்றாக இடம் கண்டார்கள். போர்க் கல்லறை என்று மரியாதை செய்து அப்படியே விட்டார்கள். 2016-இல் நினைவு நாளுக்கு முன் மூழ்கிப் பார்த்தால் டி ரூய்டர், ஜாவா என்ற இரு கப்பல்களும் அங்கே இல்லை! கோர்டெனார் என்ற மூன்றாவதில் பெரும்பகுதி இல்லை. முதல் இரண்டும் ஆறாயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள கப்பல்கள், மணலில் பள்ளம் மட்டும் மிச்சம். பழைய இரும்புக்காகத் துண்டு துண்டாக வெட்டித் தூக்கிவிட்டார்கள். இதுதான் 'கிடக்கும் இடத்தில் பாதுகாப்பு'.

திருடர்களை விடுங்கள். இழுவை மடிகள் அடிமணலை ஆண்டுதோறும் உழுகின்றன. துறைமுகத்துக்கு ஆழம் வெட்டுகிறார்கள். நீரோட்டம் திசை மாறுகிறது. இலங்கையின் காலி துறைமுகத்தில் 1659-இல் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலை 2001-இலிருந்து அகழத் தொடங்கியதற்குக் காரணமே, மூடியிருந்த மணல் அரித்துப்போய் மரம் வெளியே தெரிந்ததுதான். சும்மா விட்டிருந்தால் புழு தின்றிருக்கும்.

உப்புநீர்:

அவொன்ட்ஸ்டரைச் சொன்னது நல்லது, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். எடுத்த பொருட்களை வைத்திருந்த ஆய்வகம் காலியின் கடலோரத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி அதை அடித்து நொறுக்கியது. தொட்டிகளில் இருந்த பொருட்களில் பலவற்றைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது.

கடலோடி:

கடலோரத்தில் ஆய்வகம் கட்டியதற்கு எதிரான வாதம் அது. அகழ்வுக்கு எதிரானது அல்ல.

உப்புநீர்:

கடலிலிருந்து வரும் பொருளை ஈரம் காயாமல் இறக்க வேண்டும் என்பதால் ஆய்வகங்கள் கடலோரத்தில்தான் இருக்கும். மேலே வந்துவிட்டால் பத்திரம் என்ற நினைப்பைத்தான் கேள்வி கேட்கிறேன்.

நங்கூரம்:

ஜாவாக் கடல் கப்பல்கள் போனது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் அவை பாதுகாக்கப்பட்டுத் திருடுபோனவை அல்ல. இடத்தைக் கண்டுபிடித்தார்கள், மலர்வளையம் போட்டார்கள், திரும்பிவிட்டார்கள். பதினான்கு ஆண்டுகள் யாரும் எட்டிப் பார்க்காததற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல, கைவிடல்.

பாதுகாப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கனடாவின் ரெட் பே துறைமுகம். அங்கே 1565-இல் மூழ்கியது, ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலிருந்து வந்த திமிங்கில வேட்டைக் கப்பல். 1978-இல் கண்டுபிடித்தார்கள். பல ஆண்டுகள் முழுமையாக அகழ்ந்தார்கள். ஒவ்வொரு மரமாகக் கழற்றி மேலே கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் வரைந்து, உளித் தழும்பு முதல் ஆணித் துளை வரை குறித்து, தேவையான இடங்களில் ரப்பர் அச்சு எடுத்து, பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கடலடிக்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மேலே மணல், அதற்கு மேல் கனத்த விரிப்பு, அது நகராமலிருக்கப் பாரம். உள்ளே உயிர்வளி போகாவிட்டால் புழுவும் வாழாது. மரம் எப்படி இருக்கிறது என்று பிறகும் சோதித்தார்கள்.

பாருங்கள், அறிவு மேலே வந்துவிட்டது. மரம் கீழே இருக்கிறது. நாளைக்கு இதைவிட நல்ல கருவி வந்தால் மீண்டும் திறக்கலாம். இந்த வழியை யாரும் ஏலம் விட முடியாது என்பதால் நிறுவனங்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சீனாவின் நான்ஹாய்-1 கப்பல் இன்னொரு வழி. 1987-இல் கண்டுபிடித்தார்கள். உடனே பாயவில்லை, இருபது ஆண்டுகள் காத்திருந்து, 2007-இல் சுற்றியிருந்த சேற்றோடு சேர்த்து எஃகுப் பெட்டியில் அடைத்துத் தூக்கினார்கள். அருங்காட்சியகக் கட்டடத்துக்குள் நீர்த்தொட்டியில் வைத்து, பார்வையாளர் கண்ணெதிரே அகழ்ந்தார்கள். 1,80,000-க்கும் மேற்பட்ட பொருட்கள்.

கடலோடி:

கனடா, சீனா, சுவீடன். நான் கேட்டது இந்தோனேசியா. பதினேழாயிரம் தீவுகள், ஆயிரம் ஆண்டுக் கடல்வழி, எத்தனை கப்பல் கிடக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது. அங்கே ஒவ்வொன்றுக்கும் எஃகுப் பெட்டி செய்வார்களா? பணக்கார நாடுகள் தங்கள் கரைக்கு எழுதிய நெறியை ஏழை நாட்டின் கரைக்கும் அப்படியே நீட்டுகிறீர்கள். வாஷிங்டனில் உட்கார்ந்து 'இது நெறிமுறைக்கு ஒவ்வாது' என்று காட்சியை மூடியதால் எந்தக் கிண்ணம் கடலுக்குத் திரும்பியது? பொதுமக்கள் பார்க்க முடியாமல் போனது மட்டும்தான் மிச்சம்.

வழக்காடி:

காட்சியை மூடியதில் எனக்கும் உடன்பாடு இல்லை. குறைகளையும் சேர்த்தே காட்சிக்கு வைத்திருக்கலாம். ஆனால் அதன் பயனே இல்லை என்பதும் சரியல்ல. பெரிய அருங்காட்சியகம் வாங்காது, காட்டாது என்று தெரிந்தால் அடுத்த முதலீட்டாளர் யோசிப்பார்.

சுழியோடி:

மேலே எழுதிய எல்லோரும் ஒரு கூட்டத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பெலிதுங்கைக் கண்டது கடலட்டை எடுக்கப் போனவர்கள். உளுபுருனை 1982-இல் கண்டது கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர். கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா கப்பலை 1900-இல் கண்டதும் பஞ்சு மூழ்காளிகள்தான். அந்தக் கப்பலின் பொருட்களை மேலே கொண்டுவரும் வேலையில் அவர்களில் ஒருவர் இறந்தார், இருவர் முடமானார்கள். கொடவாயவுக்கும் முதல் செய்தி உள்ளூர் மூழ்காளிகளிடமிருந்துதான் வந்தது. கப்பலைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கடலில் பிழைப்பவன். அவனை 'கொள்ளையன்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறீர்கள்.

உளுபுருன் எப்படி ஆய்வாளர் கைக்குப் போனது தெரியுமா? துருக்கியில் இருந்த ஆய்வுக் குழு ஆண்டுதோறும் பஞ்சு மூழ்காளிகளின் ஊர்களுக்குப் போய், பழங்காலச் செம்புக் கட்டி எப்படி இருக்கும் என்று படம் காட்டிப் பேசியது. அதனால்தான் அந்த ஆள் 'காது வைத்த உலோக பிஸ்கட்' பார்த்தேன் என்று தன் தலைவரிடம் சொன்னபோது, அது என்னவென்று அவர்களுக்குப் புரிந்தது. கம்பெனியும் இல்லை, காவல் கப்பலும் இல்லை. ஊருக்குப் போய்ப் பேசினார்கள், அவ்வளவுதான்.

நான் மூழ்கித் தொழில் செய்தவன். கீழே ஏதாவது கண்டால் எங்களுக்கு முன் இருக்கும் வழிகள் இவை: அரசிடம் சொன்னால் அந்தப் பகுதியில் மீன்பிடிக்கத் தடை வரும், விசாரணைக்கு அலைய வேண்டும். வியாபாரியிடம் சொன்னால் அன்றைக்கே கையில் காசு. எது நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நங்கூரம்:

சுழியோடி அண்ணன் சொல்வது இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. தகவல் சொன்னவருக்கு அரசு வெகுமதி தர வேண்டும், அகழ்வில் அவரையே வேலைக்கு வைக்க வேண்டும். பொருளுக்கு விலை வைக்கக் கூடாது, தகவலுக்கு வைக்கலாம்.

பழங்கணக்கு:

தகவலுக்கு வெகுமதி எவ்வளவு? வியாபாரி தருவதைவிடக் குறைந்தால் வேலைக்கு ஆகாது. கூடினால், நாளைக்கே ஊரிலுள்ள ஒவ்வொரு பானை ஓடும் 'கப்பல்' ஆகிவிடும்.

சுழியோடி:

ஓட்டுக்குக் கொடுக்க வேண்டாம். இடத்தைக் காட்டி, கலைக்காமல் விட்டிருந்தால் கொடுங்கள். கலைந்திருக்கிறதா இல்லையா என்று கீழே போய்ப் பார்த்தாலே தெரியும். தோண்டிய குழியில் மணலின் நிறம் வேறாக இருக்கும், சிப்பி ஒட்டாத புது உடைவு பளிச்சென்று தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்த்து, கலையாமல் இருந்தால் அந்த ஊர்ச் சங்கத்துக்கு ஒரு தொகை. காவல் கப்பலுக்கு ஆகும் எண்ணெய்ச் செலவைவிடக் குறைவாகத்தான் வரும்.

கடலோடி:

இது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1998 பெலிதுங்கில் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்க எந்த அதிகாரி இருந்தார்? அந்த ஆண்டில், அந்த இடத்தில், உரிமம் பெற்ற நிறுவனம் எடுத்தது சரி என்றே இன்னும் சொல்கிறேன். இனி வரும் கப்பல்களுக்கு வேண்டுமானால் உங்கள் வழியைப் பேசுவோம்.

நங்கூரம்:

இனி வருவதற்கும் அதே வாதத்தைத்தான் வைப்பார்கள்: 'இந்த ஆண்டு, இந்த இடம், வேறு வழியில்லை.' உரிமம் தருவதாக இருந்தால், சரக்கில் கை வைக்கும் முன் கப்பலின் உடலையும் அடுக்கையும் பதிவு செய்ய வேண்டும், பொருள் ஒன்றுகூடப் பிரித்து விற்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு தரச் சொல்லுங்கள். எத்தனை நிறுவனங்கள் விண்ணப்பிக்கின்றன, பார்ப்போம்.

பழங்கணக்கு:

பிரித்து விற்கக் கூடாது என்றால் வாங்க ஓர் அரசோ பெருஞ்செல்வரோ முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும். பெலிதுங்குக்கு ஏழு ஆண்டு கழித்துத்தான் வாங்க ஆள் கிடைத்தது. அதுவரை வட்டி கட்டத் தயாராக இருக்கும் நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் இங்கே எழுதுங்கள், கடலோடி.